பட்டியலில் இல்லாத டிஸ்க்

குடும்பத்தில் அவனுக்கு மந்திரி என்று பெயர். எல்லாத் துறையிலும் கருத்துச் சொல்வான், எந்தத் துறைக்கும் பொறுப்பேற்க மாட்டான் என்பதற்காக அக்கா வைத்தது. கல்லூரிக்குப் போன பிறகு அவனுடைய கருத்துகள் எல்லாம் திரண்டு கம்ப்யூட்டரை இயக்கும் லினக்ஸ் என்ற ஒரே துறைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டன. யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் அந்த வீட்டுக் கம்ப்யூட்டரின் நலம் விசாரிப்பான். விசாரித்த கையோடு சட்டைப்பையிலிருந்து பென்டிரைவை எடுப்பான். சித்தப்பாவின் கடைக் கம்ப்யூட்டரும் பெரியம்மா மகளின் கம்ப்யூட்டரும் இப்படித்தான் ஒரே விடுமுறையில் லினக்ஸுக்கு மாறின. இப்போது அவன் தலை தெரிந்ததும் அந்த வீடுகளில் கம்ப்யூட்டர் மேல் போர்வையைப் போட்டு மூடுகிறார்கள் என்பது எதிரிகள் கிளப்பிவிட்ட செய்தி.

ஆகவே அந்தச் சனிக்கிழமை மதியம் அக்காவே போன் செய்து, "டேய், உன் பென்டிரைவை எடுத்துட்டு உடனே கிளம்பி வா" என்றபோது மந்திரிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அழையாமலே போய்ப் பழகியவனுக்கு அழைப்பு!

அக்கா வௌவால்களை ஆராய்கிறவள். மாமா பல் டாக்டர். மாடியில் வீடு, கீழே கிளினிக். இருட்டான பொந்துகளுக்குள் எட்டிப் பார்ப்பதுதான் இருவருக்கும் பிழைப்பு என்பதால் பொருத்தம் பிரமாதம் என்று மாமா எல்லோரிடமும் சொல்வார். மந்திரி போய்ச் சேர்ந்தபோது இருவரும் கிளினிக்கில் இருந்தார்கள். நோயாளிகளைச் சாய்க்கும் நாற்காலியில் ஒரு புது லேப்டாப் வாயைத் திறந்தபடி படுத்திருந்தது. அதன் முகத்துக்கு நேரே விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"வாங்க மாப்ள. பேஷண்ட் ரெடி," என்றார் மாமா.

அக்கா சிரிக்கவில்லை. விஷயத்தைச் சொன்னாள்.

ஊர் ஓரத்தில் ஆற்றுப் பாலம். அதன் தளத்தில் இரண்டு கான்கிரீட் பலகைகள் சேரும் இடத்தில் ஒரு விரல் நுழைகிற இடுக்கு. அந்த இடுக்கில் கட்டைவிரல் அளவே உள்ள ஒரு வகை வௌவால் கூட்டமாகக் குடியிருக்கிறது என்பது அக்காவின் முடிவு. அவை நன்றாக இருட்டிய பிறகுதான் கிளம்பும். தண்ணீரை ஒட்டியே பறக்கும். கண்ணுக்கு அகப்படாது. அவற்றின் கூச்சலோ மனிதக் காதுக்கு எட்டாத உச்சச் சுருதி. பாலத்துக்குப் பொறுப்பான இன்ஜினியர் இடுக்குக்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, உள்ளே ஒன்றும் இல்லை, நாளைக் காலை கலவை போட்டு அடைக்கப் போகிறோம் என்று சொல்லிவிட்டார். அக்கா மன்றாடியதில், இன்று இருட்டும் நேரத்தில் வந்து நிற்கிறேன், இருப்பதைக் காட்டுங்கள் என்று இறங்கிவந்திருக்கிறார்.

"காட்டலன்னா?"

"உள்ள இருக்கிறதெல்லாம் உள்ளயே சமாதி. குட்டிங்க இருக்கிற மாசம்டா இது."

அந்தக் கூச்சலைப் பிடித்து, கோடுகளாகத் திரையில் காட்டி, தாழ்த்திக் காதுக்கும் கொடுக்க அக்காவிடம் ஒரு பெட்டி இருந்தது. ஆய்வகத்துத் தோழி ஒருத்தி கையால் செய்தது. அது லினக்ஸிடம் மட்டும்தான் பேசும். பேசிக்கொண்டிருந்த பழைய லேப்டாப் போன வாரம் கண்ணை மூடிவிட்டது. துறையில் கொடுத்த புது லேப்டாப்பில் விண்டோஸ்தான் இருந்தது, லினக்ஸ் இல்லை.

"அவ்ளோதானே? இதெல்லாம் எனக்கு ஜுஜுபி," என்றான் மந்திரி.

"பென்டிரைவ்லேருந்தே ஓட்டிட முடியாதாடா? எதுக்கு ரிஸ்க்?"

"ஓட்டலாம். ஆனா உன் பெட்டியோட பேச வைக்கிற டிரைவர் புரோகிராமைப் போட்டதும் ஒரு தடவை அணைச்சு எழுப்பணும்னு சொன்னியே. பென்டிரைவ்ல ஓடுறது அணைச்சா எல்லாத்தையும் மறந்துடும். டிஸ்க்ல போட்டாத்தான் நிக்கும்."

சரியான பதில். அந்தப் பிற்பகலில் அவன் சொன்ன சரியான விஷயங்களில் இதுவே முதலாவது. நெடுநேரத்துக்கு இதுவே கடைசியும்கூட.

பென்டிரைவைச் செருகினான். திரை கறுத்தது. பிறகு, சிம்மாசனத்தில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கும் ஒரு பென்குவின், லினக்ஸின் சின்னம், தோன்றியது. மந்திரி சொந்தக் கையால் வரைந்து சேர்த்த படம். பென்குவினின் முகம் யாரையோ நினைவுபடுத்துகிறதே என்று கேட்டால் தற்செயல் என்பான்.

"மூக்கு அப்படியே நீதான்," என்றார் மாமா.

நிறுவும் நிரல் திறந்தது. எந்த டிஸ்கில் நிறுவலாம் என்று கேட்டு ஒரு பட்டியல் காட்டியது. பட்டியலில் ஒரே ஒரு டிஸ்க். மந்திரி யோசிக்கவே இல்லை. லேப்டாப்பில் ஒரு டிஸ்க் இருக்கும், பட்டியலில் ஒரு டிஸ்க் இருக்கிறது, கணக்கு நேராகிவிட்டது. 'முழுவதையும் அழித்துவிட்டு நிறுவு' என்பதைத் தேர்ந்தெடுத்தான். 'நிச்சயமாகவா?' என்றது நிரல். இப்படிக் கேட்கிறவர்களை அவனுக்கு எப்போதுமே பிடிக்காது.

"டேய், கையை எடு!"

அக்கா போட்ட கூச்சலில் மாமாவின் தட்டிலிருந்த கருவிகள் கிணுகிணுத்தன. மந்திரியின் விரல் பொத்தானுக்கு ஒரு நூல் மேலே அப்படியே நின்றது.

"லேப்டாப்பு டிஸ்க்ல ஒரு டெராபைட்தானே இடம்? இதுல ரெண்டுன்னு போட்டிருக்கு."

மூன்று பேரும் ஒரே சமயத்தில் லேப்டாப்பின் பக்கவாட்டைப் பார்த்தார்கள். அங்கே ஒரு வயர். வயரின் மறுமுனையில் அக்காவின் வெளி டிஸ்க். பெட்டிக்கான டிரைவர் அதில்தான் இருந்தது. கூடவே அவள் இதுவரை காடு மேடெல்லாம் அலைந்து பிடித்த அத்தனை வௌவால் குரலும் அதில்தான் இருந்தது.

அக்கா வயரைப் பிடுங்கி, டிஸ்கைத் துப்பட்டாவில் சுற்றி, கைக்குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"மாப்ள, எங்க தொழில்ல பிடுங்கறதுக்கு முன்னாடி எந்தப் பல்லுன்னு ரெண்டு தடவை பார்ப்போம்," என்றார் மாமா. "சும்மா சொன்னேன்."

மந்திரி பட்டியலை மறுபடி எழுப்பினான். இப்போது அதில் ஒன்றுமே இல்லை. வெள்ளை வெளேரென்று காலிக் கட்டம். அதாவது லேப்டாப்பின் சொந்த டிஸ்க் முதலிலிருந்தே பட்டியலில் இல்லை. விருந்தாளியைப் பார்த்து வீட்டுக்காரர் என்று நினைத்திருக்கிறான்.

"டிஸ்கே இல்லாம லேப்டாப் குடுத்துட்டாங்களா?" என்றாள் அக்கா.

"காலைல விண்டோஸ் ஓடுச்சுல்ல? எதுலேருந்து ஓடுச்சு? காத்துலயா?" என்றான் மந்திரி.

பென்டிரைவை வேறு துளையில் செருகிப் பார்த்தான். மாமாவின் கம்ப்யூட்டரில் வைத்துப் புதிதாக எழுதிப் பார்த்தான். லேப்டாப்பை அணைத்து, சற்றுப் பொறுத்து, பணிவாக எழுப்பிப் பார்த்தான். ஒவ்வொரு முறையும் பென்குவின் கால்மேல் கால் போட்டுக்கொண்டு வந்தது. ஒவ்வொரு முறையும் காலிக் கட்டம். சன்னல் வழியே விழுந்த வெயில் சுவரை விட்டு இறங்கித் தரைக்கு வந்துவிட்டது.

"லூசா இருக்குமோ?" என்று கேட்டுக்கொண்டே மாமா கையுறை மாட்டினார். அவருக்கு இதில் சொல்லமுடியாத ஆசை என்பது முகத்திலேயே தெரிந்தது. சின்னத் திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றித் தட்டில் பஞ்சு மேல் வரிசையாக வைத்தார். அடிமூடியைப் பெயர்த்து, விளக்கை அருகில் இழுத்தார்.

"எங்க டிஸ்க்?"

மந்திரி காட்டினான். சூயிங்கம் வில்லை ஒன்றைப் பச்சைப் பலகையில் கிடத்தினாற்போல் ஒரு பட்டை. அதன்மேல் இரண்டு கறுப்புச் சதுரங்கள். சக்கரம் இல்லை, முள் இல்லை, அசைகிற எதுவும் இல்லை.

"இதா?" மாமாவின் குரல் தாழ்ந்தது. "இதுக்குள்ளயா ஒரு டெரா?"

"ஆமா."

"நான் இதுவரைக்கும் எடுத்த எக்ஸ்ரே எல்லாம் இதுல வச்சா?"

"ஒரு மூலையில கிடக்கும். பாக்கி இடத்துல இந்த ஊர்க்காரங்க எல்லாரோட எக்ஸ்ரேயும் வைக்கலாம்."

மூவரும் தலைகளை முட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார்கள். தினமும் இதைப் பற்றியே பேசுகிற மந்திரிகூட, நேரில் இப்படி ஒரு வெளிச்சத்தில் பார்த்ததில்லை. அந்தச் சதுரங்களுக்குள் அடுக்கு மேல் அடுக்காகக் கோடானுகோடி அறைகள், ஒவ்வொரு அறையிலும் அடைபட்ட மின்னூட்டம் என்று படித்திருக்கிறான், பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறான். அதையெல்லாம் நம்பியிருக்கவில்லை என்பது இப்போதுதான் தெரிந்தது.

மாமா நுனிவிரலால் தொட்டுப் பார்த்தார். அசையவில்லை. பொருந்தித்தான் இருந்தது.

"பல்லு ஸ்ட்ராங்கா இருக்கு. வலி வேற எங்கயோ," என்று மூடிவிட்டார்.

இருக்கிறது. கண்ணால் பார்த்தாகிவிட்டது. ஆனாலும் லினக்ஸ் இல்லை என்கிறது. மந்திரி தன் மொபைலில் தேடினான். இதே லேப்டாப், இதே காலிக் கட்டம் என்று ஊருலகமெல்லாம் அழுதிருந்தார்கள். ஒருவர் பென்டிரைவை மாற்று என்றார். இன்னொருவர் லேப்டாப்பையே மாற்று என்றார். மூன்றாமவர், பிரச்சினை தீர்ந்துவிட்டது, எல்லோருக்கும் நன்றி என்று எழுதிவிட்டு, எப்படித் தீர்ந்தது என்பதைச் சொல்லாமலே போயிருந்தார். அந்த மனிதரை மந்திரி மனதுக்குள் வெகுநேரம் வாழ்த்தினான்.

அக்கா நாற்காலியின் கைப்பிடியில் உட்கார்ந்து, மடியிலிருந்த டிஸ்கைத் தட்டிக்கொண்டே கேட்டாள்: "ஏண்டா, என் பழைய லேப்டாப் எழுந்திருக்கும்போது கறுப்புத் திரையில சரசரன்னு எழுத்தா ஓடும். இது ஏன் ஒண்ணுமே சொல்ல மாட்டேங்குது?"

"அதுவா? அது அசிங்கமா இருக்கும்னு மறைச்சுட்டேன்."

"என்ன பண்ணினே?"

"அதுக்கு மேலதான் படம் போட்டிருக்கேன்."

அக்கா மடியிலிருந்த டிஸ்கைத் தட்டுவதை நிறுத்தினாள்.

"அதாவது," என்றாள் அக்கா மிக நிதானமாக, "அது எழுந்த நேரத்துலேருந்து என்னமோ சொல்லிட்டே இருக்கு. நீ அது வாய்ல பென்குவினை வச்சு அடைச்சிருக்கே."

மந்திரி அசடு வழிந்தான். லேப்டாப்பை அணைத்து எழுப்பி, லினக்ஸ் கிளம்பும்போது படிக்கும் கட்டளை வரியில் 'படம் காட்டு', 'அமைதியாக இரு' என்ற இரண்டு கட்டளைகளையும் அழித்தான். சிம்மாசனம் காலியானது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் கொட்டத் தொடங்கின. மழை மாதிரி, வரி மேல் வரி, கண் ஒரு சொல்லைப் பிடிப்பதற்குள் அந்தச் சொல் மேலே ஏறி மறைந்தது.

"ஐயோ, என்ன வேகம்! ஒண்ணும் படிக்க முடியலையே," என்றார் மாமா.

"வேகமா இருந்தா என்ன? வௌவாலும் இப்படித்தான் கத்தும்," என்றாள் அக்கா. "நாங்க என்ன பண்ணுவோம்? பிடிச்சு வச்சு மெதுவா ஓட்டுவோம். திரும்ப எழுப்பு."

மறுமுறை எழுத்து கொட்டியபோது அக்கா மொபைலில் அதை வீடியோ எடுத்தாள். பிறகு மூவரும் நாற்காலி விளக்கின் கீழ் நெருக்கிக்கொண்டு அந்த வீடியோவை எறும்பு ஊர்கிற வேகத்தில் ஓட்டினார்கள். (எழுத்துகள் எல்லாவற்றையும் சாவகாசமாகத் திரும்பப் படிக்க ஒரே சொல்லில் கட்டளை ஒன்று உண்டு. அது மந்திரிக்கு மறுநாள் குளிக்கும்போதுதான் நினைவுக்கு வந்தது. அக்காவிடம் அவன் இன்னமும் சொல்லவில்லை.)

விசைப்பலகை கண்டேன் என்றது ஒரு வரி. கேமரா கண்டேன் என்றது ஒன்று. மின்விசிறி, மூடி, பேட்டரியின் வெப்பம் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டுப் பேர் சொல்லிக்கொண்டே போனது. இருட்டறைக்குள் விழித்த ஒருவர் கையால் தடவித் தடவித் தன் வீட்டைக் கண்டுபிடிப்பதைப் போல இருந்தது. இவ்வளவும் பென்குவின் படத்துக்குப் பின்னால் ஒவ்வொரு முறையும் நடந்திருக்கிறது. மந்திரி வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தான்.

"நிறுத்து!" என்றான்.

அக்கா விரலை வைத்து நிறுத்தினாள். ஆங்கிலத்தில் இருந்த அந்த வரியைத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: 'வேறொன்றின் பின்னால் மறைத்து வைக்கப்பட்ட ஒரு டிஸ்க் இருக்கிறது. அது வேண்டுமென்றால் பயாஸில் ரெய்டை விட்டு ஏ.ஹெச்.சி.ஐ. முறைக்கு மாற்று.'

"ரெய்டா?" மாமா திடுக்கிட்டார். "நம்ம கிளினிக்லயா?"

"இது வேற மாமா. டிஸ்கை லேப்டாப்பு நேரா காட்டாம நடுவுல ஒரு ஆளை நிக்க வச்சிருக்கு. லினக்ஸுக்கு அந்த ஆளோட பாஷை தெரியாது. அவரை விலக்கிட்டா..."

பாதியில் நின்றான். வரியை மறுபடி படித்தான். எதிரே யாரோ உட்கார்ந்து சொல்வதைப் போலிருந்தது. இது தானாக முளைத்த வரி இல்லை. எங்கோ ஓர் அறையில் யாரோ ஒருவர், என்றோ ஒரு நாள், இப்படி ஒரு லேப்டாப்பை வைத்துக்கொண்டு ஒருவன் முழி பிதுங்க உட்கார்ந்திருப்பான் என்று நினைத்துப் பார்த்திருக்கிறார். டிஸ்க் தெரியவில்லை என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அதோடு நிற்காமல், எதைத் தொட வேண்டும் என்பதையும் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அவர் இவனைப் பார்த்ததில்லை. இவன் பெயர்கூட அவருக்குத் தெரியாது. லினக்ஸ் லினக்ஸ் என்று வாய் ஓயாமல் பேசியவனுக்கு, அதன் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஒரு ஆள் உட்கார்ந்திருப்பார் என்பது இன்றைக்குத்தான் உறைத்தது. அந்த ஆளின் வாயைத்தான் மூடியிருந்தான்.

"என்னடா, கண்ணு கலங்குது?"

"விளக்கு நேரா அடிக்குது," என்றான்.

லேப்டாப்பின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸுக்குள் போனான். பக்கம் பக்கமாகத் தேடி, சேமிப்பகம் என்ற தலைப்பின் அடியில் அந்த ரெய்டைக் கண்டுபிடித்தான். மாற்றப் போனதும், இதனால் டிஸ்கில் உள்ள எதுவும் கிளம்பாமல் போகலாம், நிச்சயமாகவா என்று லேப்டாப் கேட்டது. இந்தத் தடவை மந்திரி அந்தக் கேள்வியை மரியாதையோடு முழுவதும் படித்தான்.

"அக்கா, விண்டோஸ்ல உன்னோடது எதாவது வச்சிருக்கியா?"

"ஒண்ணும் இல்ல. திறந்து பேர் குடுத்ததோட சரி."

"ஞாபகமா சொல்லு."

"இல்லடா. மாத்து."

மாற்றினான். லேப்டாப் எழுந்தது. எழுத்துகள் கொட்டின. நிறுவும் நிரல் திறந்து பட்டியலைக் காட்டியது. வெறும் கட்டமாக இருந்த இடத்தில், தலைகால் புரியாத ஒரு பெயரோடு, ஒரு டெரா என்ற அளவோடு, பச்சைப் பலகையில் கண்ட அந்தச் சூயிங்கம் வில்லை வந்து உட்கார்ந்திருந்தது. ஒரு திருகாணியைக்கூட மாற்றவில்லை. இருந்த இடத்திலேயே இருந்ததுதான். ஆனாலும் மூன்று பேரும் அதைப் புதிதாகப் பிறந்த ஒன்றைப் பார்ப்பதுபோலச் சுற்றி நின்று பார்த்தார்கள்.

"அளவைப் பாரு," என்றாள் அக்கா.

"பார்த்துட்டேன்."

"இன்னொரு தடவை பாரு."

பார்த்தான். பிறகுதான் அழுத்தினான். பழைய லேப்டாப்புகளில் இந்த இடத்தில் எழுந்துபோய்ச் சாப்பிட்டுவிட்டு வரலாம். இதில் மாமா கையுறையைக் கழற்றிக் கைகழுவித் திரும்புவதற்குள் முடிந்துவிட்டது. வெளி டிஸ்கைச் செருகி, பெட்டியின் டிரைவரைப் போட்டு, அணைத்து எழுப்பினார்கள். அக்கா பெட்டியைச் செருகி, தன் விரல்களை அதன் மைக்குகளுக்கு முன்னால் வைத்து லேசாகத் தேய்த்தாள். காதில் ஒன்றும் கேட்கவில்லை. திரையில் மட்டும் கோடுகள் துள்ளின.

"ஆத்துக்கு ஓடு," என்றாள். வெளியே வெயில் முழுவதும் இறங்கியிருந்தது.

ஆற்றங்கரைக்குப் போனபோது இன்ஜினியர் முன்னதாகவே வந்து பாலத்தின் அடியில் நின்றிருந்தார். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். இரைச்சலான வேலையிடங்களில் நின்று நின்று அப்படி ஆனவர்.

"நான் ஒண்ணும் வௌவாலுக்கு எதிரி இல்லம்மா!" என்று அவர் சொன்னது அக்கரைக்கே கேட்டது. "இருந்தா விட்டுடப் போறேன். ஆனா இல்லாததுக்காக ஒரு பாலத்தோட வேலையை நிறுத்தி வைக்க முடியாதுல்ல?"

"இருட்டட்டும் சார்," என்றாள் அக்கா.

பெட்டியைத் தண்ணீரோரத்தில் வைத்தார்கள். மாமா லேப்டாப்பை இரு கைகளிலும் தட்டுபோல ஏந்தி நின்றார். வெளிச்சம் மெல்ல வடிந்தது. தூண்கள் கறுத்தன, தண்ணீர் கறுத்தது, பாலத்தின் அடிப்பக்கம் எங்கே முடிகிறது என்று தெரியாமல் போனது. இன்ஜினியர் இடுக்கை நோக்கி டார்ச் அடித்தார். வெறும் கான்கிரீட். அணைத்தார்.

"பாருங்க. ஒண்ணு..."

திரையில் ஒரு கோடு விழுந்தது.

மெல்லிய, வளைந்த ஒரே கோடு. பக்கத்தில் இன்னொன்று. பிறகு ஒரு கொத்து. நிமிர்ந்து ஆற்றைப் பார்த்தால் அங்கே ஒன்றுமே இல்லை. அசைவில்லை, சத்தமில்லை, தண்ணீர் கரையை நக்கும் ஒலி மட்டும். குனிந்து திரையைப் பார்த்தால் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, இடமில்லாமல் நெருக்கி, இடமிருந்து வலமாகப் பெருக்கெடுத்து ஓடின. அக்கா ஒலிபெருக்கியின் குமிழைத் திருப்பினாள். தாழ்த்தப்பட்ட அந்தக் குரல்கள் வெளியே வந்தன. டிக் டிக்கென்று முதலில் தனித்தனியாக. பிறகு தகரக் கூரையில் பெருமழை இறங்கியதுபோல, ஒன்றாக, விடாமல்.

"இது... இது எல்லாமா?" என்றார் இன்ஜினியர்.

"எல்லாமே இப்ப நம்ம முழங்காலைச் சுத்திப் பறந்துட்டிருக்கு சார். அசையாதீங்க. நீங்க நிக்கிற இடம் அதுங்களுக்குத் தெரியும்."

யாரும் அசையவில்லை. மந்திரியின் கணுக்கால் பக்கம் ஒரு சின்னக் காற்று பட்டுப் போனது. இன்னொன்று மணிக்கட்டை ஒட்டி. தொடவில்லை. தொடாமல், அவ்வளவு அருகில், அவ்வளவு பேர். கருத்துச் சொல்ல அவன் வாய் தானாகத் திறந்தது. சொல்ல ஒன்றும் இல்லாததால் திறந்தபடியே இருந்தது. மாமா லேப்டாப்பை ஏந்திய கைகள் வலித்திருக்க வேண்டும், ஆனால் அவர் கீழே இறக்கவில்லை. அக்கா திரையையும் பார்க்கவில்லை, ஆற்றையும் பார்க்கவில்லை. கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து இன்ஜினியர் தன் மொபைலை எடுத்தார். திரை வெளிச்சம் வெளியே போகாமல் உள்ளங்கையால் மறைத்துக்கொண்டார். அக்கரைக்குக் கேட்கும் குரலை உடைய அந்த மனிதர், வாயை மொபைலோடு ஒட்டவைத்து, தூங்கும் குழந்தையின் பக்கத்தில் பேசுகிறவரைப் போலப் பேசினார்.

"மேஸ்திரி... நாளைக்குக் கலவை வேண்டாம்... வேண்டாம்னு சொல்றேன்."

மறுமுனையில் மேஸ்திரி கத்துவது எல்லோருக்கும் கேட்டது: "சார், ஒண்ணுமே விளங்கல! கொஞ்சம் சத்தமா சொல்லுங்க சார்!"

"முடியாதுய்யா," என்று கிசுகிசுத்தார் இன்ஜினியர். "சத்தமா சொல்ல முடியாது. காதைத் தீட்டிட்டுக் கேளு."